பிடிமண் பத்திரம்

இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். விடிந்துவிட்டால் எனக்கு வாய் வராது.

நான் ஒரு பத்திரத்தைத் திருடிக்கொண்டு வந்தேன். நாளைக் காலை பத்து மணிக்கு அது கல்யாண மண்டபத்தில் கண்ணாடிக்குக் கீழே இருந்தால் என் அக்கா அம்சவல்லியின் கல்யாணம் நின்றுவிடும். அப்படி நினைத்துத்தான் திருடினேன். அக்காவுக்கு இருபத்தாறு வயது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவர்தான் திலீபன். தை மாதம் முகூர்த்தம். பத்திரிகை அச்சாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது, இன்னும் மூலையில் மஞ்சள் தடவவில்லை.

எங்கள் ஊரில் வட்டார வரலாற்றுக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. இருபது பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்ப் பழைய கல்லையும் கோயிலையும் பார்த்துக் குறிப்பு எடுப்பார்கள். இந்த வருடம், 2007இல், அரையாண்டு லீவில் வம்சாவளிக் கண்காட்சி வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஊரில் இருக்கிற குடும்பங்கள் ஆளுக்கொரு ஃபாரம் வாங்கிப் போய், தெரிந்த மட்டும் தாத்தா, பூட்டன், ஓட்டன் பெயரெல்லாம் எழுதித் தர வேண்டும். வீட்டில் பழைய பத்திரம், போட்டோ இருந்தால் கொண்டுவர வேண்டும். அதையெல்லாம் சார்ட்டில் பெரிதாக எழுதி, வாடகைக்கு எடுத்த ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டுவார்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு.

கழகத்தின் செயலாளர் ஆதிலட்சுமி மேடம். நூலகத்தில் வேலை பார்க்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சார்ட் எழுதக் கூப்பிட்டார். பிளஸ் டூ படிக்கிறவள் லீவில் படிக்காமல் இதென்ன வேலை என்று அம்மா திட்டினாள். நான் போனேன். பத்து நாளாக அந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைமேல் சார்ட்டை விரித்து ஸ்கெட்ச் பேனாவும் கையுமாக இருந்தேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் சண்டைக்கு நிற்பார்கள். ஒருவர் தன் தாத்தா பெயரைச் சித்தப்பா பெயருக்குக் கீழே எழுதிவிட்டேன் என்று சத்தம் போட்டார். இன்னொருவர் தன் வம்சம் ஏதோ ராஜாவிடம் தளபதியாக இருந்தது என்று எழுதச் சொன்னார்.

ஆதிலட்சுமி மேடம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏங்க, ஏழு தலமொற கேட்டா எல்லாரும் ராசா கதயே சொல்றீங்க. இந்த ஊர்ல மாடு மேச்சவன் ஒருத்தன்கூடப் பொறக்கலியா?" என்றார்.

"மாடு மேச்சவங்க பக்கத்துத் தெருவுங்க," என்றார் அந்தத் தளபதி வம்சத்துக்காரர். கூடமே சிரித்தது.

எங்கள் வீட்டு ஃபாரத்தை அப்பா நிரப்பிக் கொடுத்திருந்தார். அப்பா பெயர் பழமலைநாதன். செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் சூளை பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அவருடைய அப்பா சின்னசாமி, அப்பாவுக்கு நாலு வயதாகும்போதே இறந்துபோனார். அப்பாவுடைய தாத்தா பெயர் பழமலை. அந்தப் பெயரைத்தான் அப்பாவுக்கு வைத்தார்கள். பழமலைக்குக் கூடப் பிறந்தவர்கள் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தார். பூர்வீக ஊர் கீழ்நெடுவயல். குலதெய்வம் பச்சைவாழியம்மன்.

கீழ்நெடுவயல் இப்போது இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் நிலக்கரி எடுக்க அந்த ஊரைக் காலி செய்தார்கள். கம்மாபுரத்துப் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தால் மலை மாதிரி மண் குவிந்து கிடக்கும். அதற்குக் கீழே எங்கேயோ எங்கள் ஊர்.

திலீபன் வீடும் அதே ஊர்க்காரர்கள்தான். அவர்கள் கம்மாபுரத்துக்குப் போனார்கள், நாங்கள் விருத்தாசலத்துக்கு வந்தோம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அதில் அவ்வளவு சந்தோஷம். அப்பா முதலில் கேட்டது குலதெய்வத்தைத்தான். எங்கள் பக்கம் அப்படித்தான். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, ஒரே ரத்தம், பெண்ணும் பிள்ளையும் அண்ணன் தங்கை முறை. பேச்சை அங்கேயே முடித்துக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

திலீபனின் அப்பா தமிழ்மணி, "எங்களுக்கு செம்முனியப்பங்க," என்றார்.

"எங்களுக்குப் பச்சவாழியம்மன்," என்றார் அப்பா. "அப்பப் பேசலாங்க."

அவ்வளவுதான். ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

பத்து நாளைக்கு முன்னால் திலீபன் மண்டபத்துக்கு வந்தார். கம்மாபுரத்தில் டூ வீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார், விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். தங்கள் வீட்டு ஃபாரத்தையும் ஒரு பழைய பத்திரத்தையும் கொண்டுவந்தார். பத்திரம் துணியில் சுற்றியிருந்தது. மேடம் நோட்டில் நாற்பத்தொன்று என்று நம்பர் போட்டு வரவு வைத்தார்.

திலீபன் என்னிடம் தனியாக வந்து, "கயலு, இத நீயே பாத்து எழுது. வேற யார் கையிலயும் குடுத்துடாத," என்றார்.

"ஏன் மாமா, பொதையலு கிதையலு இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய பத்திரங்களைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் என்ன பத்திரம், யாருடையது என்று சின்ன அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு நாற்பத்தொன்றைப் பிரித்தேன். முத்திரைத்தாள் இல்லை, வெறும் கோடு போட்ட தாள். புள்ளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட எழுத்து. பத்து நாளில் அந்த மாதிரி எழுத்து எனக்குப் பழகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'கீழ்நெடுவயல் கிராமம் காலஞ்சென்ற வைத்தி குமாரர்கள், மூத்த தாரத்து மகன் பழமலை, இளைய தாரத்து மகன் கொளஞ்சி ஆகிய நாங்கள் இருவரும் பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதிக்கொண்டது. நம்முடைய குலதெய்வக் கோயில் இருக்கிற இடம் சர்க்காரால் எடுக்கப்பட்டபடியாலும், நமக்குள் ஒற்றுமை இல்லாதபடியாலும், அம்மன் பிடிமண் மூத்தவரும், முனி பிடிமண் இளையவரும் எடுத்துக்கொண்டு, அவரவர் போகிற இடத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியது. ஒருவர் கோயிலுக்கு மற்றவர் உரிமை கோருவதில்லை.'

கீழே ஒன்பது கைநாட்டு.

சாமியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது என்றால் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைப்பார்கள். அதுதான் பிடிமண். பச்சைவாழியம்மன் கோயில்களில் அம்மனுக்கு எதிரில் செம்முனி உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே கோயில். பெயர் வேறாக இருந்ததால் பெண் பார்த்த அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. சண்டை போட்ட அண்ணன் தம்பி ஆளுக்கொரு சாமியைப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் திலீபன் வீட்டு ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். திலீபன், அவர் அப்பா தமிழ்மணி, தாத்தா கோவிந்தன், கோவிந்தனுடைய அப்பா கொளஞ்சி. கொளஞ்சிக்குக் கூடப் பிறந்தவர்கள்: யாருமில்லை.

இரண்டு ஃபாரத்திலும் யாருமில்லை. அண்ணனுக்குத் தம்பி இல்லை, தம்பிக்கு அண்ணன் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் சொல்லாமலே போயிருக்கிறார்கள்.

ஸ்கெட்ச் பேனா கீழே விழுந்தது. ஆதிலட்சுமி மேடம் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கயலு, ஒங்க சார்ட்டையும் மாப்ள வூட்டு சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டப் போறன்டி. நாளைக்கு ரெண்டு சம்பந்தியையும் நடுவுல நிக்க வச்சி ஒரு போட்டோ. அவங்க பத்திரம் நல்லா பழசா இருக்குதே, வர்றவங்களுக்கு நானே சத்தமா வாசிச்சிக் காட்டறேன். என்ன பத்திரம் அது?"

"நெலப் பத்திரம் போல இருக்குது மேடம். எழுத்து சரியாப் புரியல," என்றேன்.

"வச்சிட்டுப் போ. காலையில நான் பாத்துக்கறேன்."

அவர் மைக் செட்காரரோடு பேசப் போன நேரத்தில் பத்திரத்தை என் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் யாரோ பின்னால் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறது. காலையில் அது எங்கே என்று கேட்பார்கள். மேசையில் கடைசியாக இருந்தது நான்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வாசலில் என்ன கோலம் போடலாம் என்று நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மார்கழி என்பதால் தினமும் பெரிய கோலம். அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். அடுப்பில் போட்டால் ஒரு நிமிடம். யாருக்குத் தெரியும்? கேட்டால் தொலைந்துபோனது என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்குத் தெரியுமே. மணவறையில் அக்கா உட்கார்ந்திருப்பாள், நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தங்கைக்குத் தாலி கட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் எழுந்து சமையலறைக்குப் போனேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. லைட் எரிந்தது. அக்கா.

"ஏய், இந்நேரத்துல அடுப்பாண்ட நின்னுக்கிட்டு என்னாடி பண்ற? யாருக்காச்சும் லெட்டரு கிட்டரு வந்துருக்குதா?" என்று சிரித்துக்கொண்டே நோட்டைப் பிடுங்கினாள்.

"அக்கா, வேணாங்கா. அக்கா, குடுத்துடு."

அவள் பத்திரத்தை எடுத்துப் பிரித்தாள். அவளுக்கு அந்த எழுத்து படிக்க வரவில்லை. "என்னாது இது?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். பிறகு நானே படித்துக் காட்டினேன். என் அக்காவின் கல்யாணத்தை என் வாயாலேயே.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "இன்னொரு தபா படி," என்றாள். படித்தேன். "மூத்த தாரத்து மவன் யாரு?" என்றாள். "நம்ம அப்பாவோட தாத்தா, அக்கா." "இன்னொருத்தரு?" "அவங்க வூட்டுப் பூட்டன்."

அவள் செல்லை எடுத்து நம்பரைப் போட்டாள். ஒரு ரிங் போவதற்குள் திலீபன் எடுத்துவிட்டார். சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அம்சா."

"ஒரு பத்திரம் குடுத்தீங்களாம்."

"கயலு படிச்சிட்டாளா?" என்று கேட்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தன். கடைக்காரப் பெரியவரு வாசிச்சி சொன்னாரு, ஜெராக்ஸ் எடுக்காமலே திரும்பி வந்துட்டன். அப்பாவுக்குத் தெரியாது. அது ஏதோ பழைய கோயில் காயிதம்னுதான் பெட்டியில வச்சிருந்தாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"வாய் வரல. தினமும் ராத்திரி ஒன்கிட்ட பேசறப்ப சொல்லலாம்னு பாப்பன். நீ பொடவ கலர சொல்லிக்கிட்டு இருப்ப."

"அதனால பதினேழு வயசுப் புள்ள கையில குடுத்துட்டு நீங்க நிம்மதியாப் படுத்துட்டீங்க. அது அடுப்பாண்ட நின்னுக்கிட்டு நடுங்குது."

"படுக்கல அம்சா. பத்து நாளா படுக்கல." அவர் குரல் உடைந்தது. "நீ சொல்லு. கிழிச்சிடுன்னா கிழிச்சிடலாம். இது ஒன்ன விட்டா வேற காயிதம் இல்ல. நீ என்னா சொல்றியோ அதான்."

அக்கா பத்திரத்தைப் பார்த்தாள். அவள் கிழிக்கச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லமாட்டாள் என்றும் பயந்தேன்.

"அதுக்கு முன்னாடி ஒங்க கையிலதான இருந்துது? குடுக்காம கிழிச்சிருக்கலாமில்ல? ஏன் கிழிக்கல?"

"முடியல."

"எனக்கும் முடியாதுங்க. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தாகூட, நீங்க என் மூஞ்சப் பாப்பீங்க, நான் ஒங்க மூஞ்சப் பாப்பன். அப்பிடி ஒரு வாழ்க்கை வேணுமா?"

அவர் அழுகிற சத்தம் கேட்டது. அக்கா செல்லை அணைத்துவிட்டு என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ எதுக்குடி அழுவற? நீ என்னா பண்ண?" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கூடத்துக்குப் போனாள். "அப்பா, எந்திரிங்க. அப்பா."

அப்பா பதறி எழுந்தார். கம்பெனியிலிருந்து கூப்பிடுகிறார்கள், சூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துச் சட்டையைத் தேடினார். அக்கா அவரை உட்கார வைத்துப் பத்திரத்தைக் கையில் கொடுத்தாள். அம்மாவும் எழுந்துவிட்டாள். நான் மறுபடியும் படித்தேன். மூன்றாவது தடவை. என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை ரேங்க் கார்டில் கையெழுத்தை நானே போட்டதற்கு அடித்திருக்கிறார்.

அப்பா அடிக்கவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை. பத்திரத்தை வாங்கிக் கைநாட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல எங்க தாத்தாவுது எது?" என்று கேட்டார். முதலில் இருந்ததைக் காட்டினேன். எங்கள் வீட்டில் அவர் போட்டோ கிடையாது.

பிறகு அப்பா, "பொரட்டாசியில கோவிந்தன் பெரியவரு தவறிட்டாரே," என்றார்.

திலீபனுடைய தாத்தாதான் கோவிந்தன். வாதம் வந்து மூன்று வருடமாகப் பேச்சில்லாமல் படுத்திருந்தவர். நிச்சயம் ஆன அடுத்த மாதம் இறந்துபோனார்.

"ஆமாங்க. நாமதான் போனமே," என்றாள் அம்மா.

"போனன். சம்பந்தின்னுட்டு கோடித் துணி எடுத்துக்கிட்டுப் போயி, மேளத்தோட போயி அவரு மேல போத்தினன்." அப்பா கையைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு அவரு சித்தப்பா. பங்காளி கோடி போத்தலாமா? பதினாறு நாளு தீட்டுக் காக்க வேண்டியவன், வந்த மூணாம் நாளு கொளஞ்சியப்பர் கோயில்ல போயி அர்ச்சன பண்ணனே."

"தெரியாம பண்ணதுதானங்க," என்றாள் அம்மா.

"நிச்சயத்தன்னிக்கு ஆசீர்வாதம் வாங்கப் போனப்ப என் கையப் புடிச்சிக்கிட்டாரு. எங்க தாத்தா பேர சொல்லித்தான் நான் யாருன்னு சொன்னன். கைய வுடவே இல்ல. வாயத் தொறந்து தொறந்து என்னமோ சொல்லப் பாத்தாரு. வாயில எச்சிதான் வந்துது. சந்தோசத்துல அழுவறாருன்னு நெனச்சி, பேரனுக்கு நல்ல எடம் அமைஞ்சிடிச்சின்னு நானே அவருக்கு சமாதானம் சொன்னன்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

அப்பா எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர்த் தொட்டியின் மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பங்காளி செத்த சேதி நாள் கழிந்து தெரிந்தால், தெரிந்த அந்த நேரத்திலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். சம்பந்திக்கு அது கிடையாது. மார்கழிக் குளிரில், ஒன்றரை மணிக்கு, அப்பா கட்டின வேட்டியோடு ஒரு குடம், இரண்டாவது குடம் என்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. கல்யாணம் நின்றது என்று அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா நனைந்த துண்டோடு உள்ளே வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில பத்து மணிக்கு முன்னாடி தமிழ்மணிய போயிப் பாக்கணும். அண்ணன் மொறையில போயி நானே சொல்லிடறன். அங்க மைக்குல யாரோ வாசிச்சி அவன் கேக்கக் கூடாது," என்றார். பிறகு என்னிடம், "பத்திரத்த அந்த அம்மாகிட்டக் குடுத்துடு. எடுத்துட்டு வந்ததுக்கு மன்னிப்புக் கேளு," என்றார்.

"சரிப்பா."

அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள். பின்பக்கம் போகிறாள் என்று தெரிந்து அம்மா, "அம்சா, ஏம்மா, நீ எதுக்கு, ஒடம்புக்கு வந்துடப் போவுது," என்று கையைப் பிடித்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அப்பா வீட்டுத் தீட்டு உண்டு. அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் பிடித்தாள். அக்கா அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் திலீபன் அவளுக்கு அண்ணன் என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி.

"எனக்கும் தாத்தாதானம்மா," என்றாள் அக்கா. கையை விடுவித்துக்கொண்டாள்.

நான் அவள் பின்னால் போனேன். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் சொம்பை ஊற்றியபோது உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டாவது சொம்பில்தான் அழ ஆரம்பித்தாள். தண்ணீரோடு தண்ணீராக அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாள். சத்தம் வந்தது. நாலு மாதமாக ராத்திரியெல்லாம் மெதுவாகப் பேசி, மெதுவாகச் சிரித்த அதே வாயிலிருந்து அந்தச் சத்தம்.

எனக்கு அவளைத் தொட பயமாக இருந்தது. நாளைக்கு மண்டபத்தில் ஜனம் என்ன கேட்கும், நாலாவது இடம் வருமா வராதா, அச்சடித்த பத்திரிகையை என்ன செய்வது, இனிமேல் திலீபனை நான் என்னவென்று கூப்பிடுவது என்று எல்லாமே பயமாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

அக்கா முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாடி நிக்கற? ஒனக்கும்தான். வா, ஒக்காரு."

நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் சொம்பை முக்கி எடுத்து என் தலையில் ஊற்றினாள்.